சத்தமில்லாத தெரு

அந்தத் தெருவுக்குள் முதல்தடவை வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டுதான் வருவார்கள். முனையிலேயே வெல்டிங் பட்டறை. அதற்கு எதிரே இரும்பு கடைகிற லேத் பட்டறை. அதையொட்டி அட்டைப்பெட்டி ஒட்டுகிற வீடு, தகரம் வெட்டுகிற வீடு, சாணை பிடிக்கிற வீடு, கடைசியில் மெத்தை தைக்கிற வீடு. எல்லாமே வீடுகள்தான். முன்னறையில் தொழில், பின்னறையில் குடித்தனம். சாப்பாட்டில் இரும்புத்தூள் கடிபட்டால் அது லேத்துக்காரர் வீட்டுச் சாப்பாடு, பசை வாசனை அடித்தால் பெட்டிக்கார அக்கா வீட்டுச் சாப்பாடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது என்பதால் அங்கே ரகசியம் என்று ஒன்று கிடையாது. எதையும் கத்தித்தான் சொல்லியாக வேண்டும். புருஷன் பெண்டாட்டி கொஞ்சிக்கொள்வதுகூடத் தெருவுக்கே கேட்கும்.

அப்படிப்பட்ட தெரு, எப்போதாவது ஒரு நாள், பொசுக்கென்று வாயடைத்துப் போகும். வரி மதிப்பீட்டுக்கு ஆள் வருகிற நாள் அது.

வெல்டர் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். விளக்குக் கம்பத்தில் தட்டுவார். இரண்டு தட்டு சேர்த்து, ஒரு தட்டு தள்ளி. அவ்வளவுதான். சாணைக்கல் நிற்கும். தகரம் கட்டிலுக்கு அடியில் போகும். மெத்தைக்காரர் மட்டும் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை. தைத்து வைத்திருக்கிற மெத்தைகளின்மேல் குடும்பத்தோடு ஏறிப் படுத்துக்கொள்வார். தொழில் நடக்கிற அறைக்கு ஒரு வரி, தூங்குகிற அறைக்கு ஒரு வரி. எது குறைச்சல் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எந்த நாளில் ஆள் வருகிறது என்பதை மட்டும் ஒருவர் சொல்லித்தர வேண்டும். அதைச் சொல்லியனுப்புகிறவர் அந்தத் தெருவின் கவுன்சிலர். ஆணியும் தாழ்ப்பாளும் விற்ற கடையிலிருந்து நகரமன்றத்துக்குப் போனவர் அவர்.

எல்லோரிலும் லேத்துக்காரம்மாவின் ஜோடனைதான் தெருவிலேயே பேர்போனது. லேத் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ள முடியுமா? அதையே கட்டிலாக்கிவிட்டாள். மெஷின்மேல் நீளத்துக்கு இரண்டு பலகை. பலகைமேல் மெத்தை. மெத்தைமேல் தரைவரை தொங்குகிற பூப்போட்ட விரிப்பு. அதன்மேல் அவள் புருஷன். நெற்றியில் ஈரத்துணி, கழுத்துவரை போர்வை. லேத்தின் இரைச்சலிலேயே ஆயுசைக் கழித்ததில் அவருக்குக் காது போய்விட்டது. யாராவது கேள்வி கேட்டால் ஏடாகூடமாகப் பதில் சொல்லிவிடுவார் என்பதால் அவரை நோயாளியாக்கிப் படுக்கப் போட்டாள். கம்பத்தில் தட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்காது. பலகையைத் தூக்கிக்கொண்டு அவள் வந்தாலே புரிந்துகொள்வார். மோட்டாரை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஏறிப் படுத்துவிடுவார். முனகலில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆள் போனதும் அவர் மார்பில் அவள் இரண்டு தட்டுத் தட்டுவாள். எழுந்து வேலையைப் பார்ப்பார்.

போன தடவை வந்த மதிப்பீட்டாளர் கெட்டவர் அல்ல. குடையை வாசலிலேயே சாத்தி வைத்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் அடியெடுத்து வைத்து வந்தார். "படுத்த படுக்கையாங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். தன் அம்மாவும் அப்படித்தான் கிடக்கிறாள் என்றார். லேத்துக்காரம்மா டீ கொடுத்தாள். வைக்க இடமில்லாமல் அவர் டம்ளரைப் பலகையின் ஓரத்தில், அதாவது லேத்தின் தலைமேலேயே வைத்தார். அவள் விரிப்பின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டாள். "ஜன்னலத் திறந்து வைங்கம்மா, காத்து வரட்டும்" என்று சொல்லிவிட்டு, முன்னறை, படுக்கையறை என்று எழுதிக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, "எவ்வளவு அமைதியான தெரு! நான்கூட வேற மாதிரி கேள்விப்பட்டேன்" என்றார்.

அன்று சாயங்காலம் தெருவே சிரித்துக் கிடந்தது. மெத்தைக்காரர் அவரைப்போலவே நடந்து காட்டினார். சிரித்துச் சிரித்துப் பெட்டிக்கார அக்காவுக்குப் புரையேறிவிட்டது.

அந்தச் சிரிப்பெல்லாம் சேர்ந்து ஒரு மழைக்காலத்தில் திரும்பி வந்தது.

நகரமன்றத்து ஆள் ஒருவன் விளக்குக் கம்பத்தில் ஒரு அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனான். வரைபடம் ஒன்றும் அதில் இருந்தது. தெருவுக்குப் பின்னாலிருந்த பழைய மரக்கிடங்கில் அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றன. அதைச் சுற்றிய பகுதிக்கு நில உபயோகம் மாற்றப்போகிறார்கள். அவர்கள் தெருவுக்கு மஞ்சள் அடித்திருந்தது. மஞ்சள் என்றால் வீடு மட்டும். மோட்டார் வைத்த தொழில் எதுவும் கூடாது.

தூறலில் நனையாமல் வெல்டர் பட்டறைக்குள் நின்றபடி வெல்டரும் லேத்துக்காரம்மாவும் பெட்டிக்கார அக்காவும் பேசினார்கள். வெல்டர் இருமினார். புகையைத் தின்று தின்று அவருக்கு இருமாமல் ஒரு வாக்கியம் வராது.

"கடைசி வரியப் படிச்சியா தங்கச்சி?"

"படிச்சேண்ணே."

"ஏற்கெனவே தொழில் நடக்குதுன்னு மதிப்பீட்டுல பதிவான எடத்துல தொடர்ந்து நடத்திக்கலாமாம். மத்தவங்க மூடிரணும்." இருமினார். "நம்ம தெருவுல எத்தன எடம் பதிவாயிருக்கு?"

"ஒண்ணுகூட இல்ல."

"நீ டீ குடுத்த, அந்தாளு குடிச்சிட்டு அமைதியான தெருன்னு வேற சொல்லிட்டுப் போயிட்டான். அடுக்குமாடிக்காரனுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருக்கும்."

"நான் மட்டுமா செஞ்சேன்? கம்பத்துல தட்டினது யாரு?"

"அய்ய, ஒருத்தர ஒருத்தர் சொல்லி என்ன ஆவப்போவுது?" என்றாள் பெட்டிக்கார அக்கா. அவள் விரல்களில் பசை காய்ந்து தோல்போல உரிந்துகொண்டிருந்தது. பேசும்போது அதைப் பிய்த்துப் பிய்த்துப் போடுவது அவள் வழக்கம். "நம்ம வாயில நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டோம். எனக்காவது கத்திரியும் பசையும். எந்தச் சந்துல வேணும்னாலும் உக்காந்து ஒட்டுவேன். அண்ணன் மெஷினத் தூக்கிட்டு எங்க போவியாம் நீ?"

அதுதான் விஷயம். அந்த மெஷின் எங்கேயும் போகாது. மாமனார் அந்த மனையை வாங்கியபோது முதலில் வந்து இறங்கியது மெஷின்தான். தார்ப்பாய்க்கு அடியில் வைத்து அதை ஓட்டிச் சம்பாதித்துத்தான் சுவர் எழுப்பினார். மெஷினைச் சுற்றித்தான் வீடு எழும்பியது. வாசற்படி மனிதர்கள் போய்வர வைத்தது. மெஷினை வெளியே எடுக்க வேண்டுமானால் முன்சுவரை இடிக்க வேண்டும். இடித்து எடுத்தாலும் காது கேளாத ஒரு மனிதருக்கு யார் இடம் கொடுப்பார்கள்? வேறு பட்டறையில் கூலிக்கு நிற்கலாம் என்றால், முதலாளி கூப்பிடுவது அவருக்குக் கேட்காது. தன் மெஷின் என்றால் கேட்க வேண்டியதில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்தால் போதும், அதற்கு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வார். அந்த முன்னறையை விட்டால் அவருக்கு உலகத்தில் வேறு எதுவும் காதில் விழாது.

அவள் கவுன்சிலர் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மழை பெய்கிற நாளில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் யாரையோ தவிர்க்கிறார் என்று அர்த்தம். ஆனால் அவள் முதலிலேயே பார்த்துவிட்டதால் அவரால் உள்ளே போக முடியவில்லை.

"வாம்மா. எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும்."

"தெரிஞ்சா நல்லதுங்க. நீங்க எழுந்து ஒரு வார்த்த சொல்லணும். அது பட்டறைத் தெருதான்னு."

"நான் சொன்னா, இத்தன வருஷம் எப்படி வீடுன்னு பதிவாச்சுன்னு கேப்பாங்க. ஆள் வர்ற நாளை முன்கூட்டியே சொன்னது யாருன்னு கேப்பாங்க. அப்புறம் என் கதி என்ன?"

"உங்களுக்கு ஓட்டுப் போட்டது நாங்க."

"போட்டீங்க. இல்லேங்கல. அதுக்குப் பதிலாத்தானே இத்தன வருஷமும் தூங்கற அறைக்குன்னு கொறஞ்ச வரி கட்டிட்டு வந்தீங்க?" என்றார் அவர். சொன்னபின் அவருக்கே அது உறைத்தது போலும். குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரும்மா. அன்னிக்கு எங்க மதிப்பூதியத்த ஒசத்தற தீர்மானமும் வருது. ரொம்ப நாளா கெஞ்சிக் கொண்டுவந்தது. தலைவர் மனசு வெச்சாத்தான் நிறைவேறும். இந்த நேரத்துல அவரோட வரைபடத்துல நான் கைய வெச்சா மத்தவங்க என்னை உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க."

"அப்போ நான் பேசறேன்."

"பேசலாம். பொதுமக்கள் பேசறதுக்குன்னு நேரம் இருக்கு." அவர் பூவாளியைக் கீழே வைத்தார். "ஆனா தனியாப் பேசாத. தெருவுக்கே சேர்த்துத்தான் நிறம். தெரு முழுக்க எழுந்து நின்னா அவங்களால தட்டிக்கழிக்க முடியாது. இத நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிராத."

இதை அவள் வெல்டரிடம் வந்து சொன்னாள். வெல்டர் நெடுநேரம் இருமினார். பிறகு, "நீ மொதல்ல எழுந்திரு. நீ எழுந்தா நாங்கள்லாம் எழுந்திருக்கறோம்" என்றார். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எல்லோரும் சரி என்றார்கள். மெத்தைக்காரர், "படுத்தே பழகிட்டோம், ஒரு தடவ எழுந்துதான் பாப்பமே" என்றார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

கூட்டத்தன்று காலையில் அவள் புருஷனுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தாள். அவர் நகக்கண்ணில் இருந்த கறுப்பை ஊக்கால் நோண்டிக்கொண்டிருந்தார். அது போகிற கறுப்பா?

"மெஷினுக்காகப் போறோம்!" என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினாள். "அவங்க கையத் தூக்குவாங்க! எல்லாரும் கை தூக்கினா நாம ஜெயிச்சோம்!"

"ஏன் கத்தற?" என்றார் அவர், அவளைவிடப் பலமாக. "புரியுது. கைதானே? எண்ணிட்டாப் போச்சு."

நகரமன்றக் கூடத்தில் மெருகெண்ணெய் பூசிய பெஞ்சுகள். உறுப்பினர்களுக்கு வளைந்த மேசை, ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தண்ணீர் டம்ளர். தெருக்காரர்கள் பின்வரிசைகளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த இடத்தின் அமைதி அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கத்தியே பழகியவர்களுக்குக் குசுகுசுவென்று பேச வராது. பெட்டிக்கார அக்கா எதையோ சொல்லப்போய்க் கூடமே திரும்பிப் பார்க்க, அப்புறம் வாயே திறக்கவில்லை. லேத்துக்காரர் மட்டும் உட்கார்ந்த பெஞ்சை ஆட்டிப்பார்த்து, "காலு ஒண்ணு கட்டை" என்று எல்லோருக்கும் அறிவித்தார்.

நில உபயோகம் முதலில் வந்தது. திரையில் மஞ்சளாக அவர்கள் தெரு தெரிந்தது. ஒரு எலும்புத்துண்டுபோல அவ்வளவு சின்னதாக இருந்தது. அவளுக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. அந்த மஞ்சளுக்குள் எங்கே மெஷின், எங்கே தண்ணீர்க்குழாய், எங்கே வெல்டரின் தீப்பொறி விழுந்து பொத்தலான கதவு? பொதுமக்கள் யாராவது பேசுகிறீர்களா என்று தலைவர் கேட்டதும் எழுந்துவிட்டாள். 

"நான் லேத் வீட்டுக்காரிங்க. எங்க முன்னறை படுக்கையறைன்னு உங்க பதிவுல இருக்கு. அங்க கட்டில் கெடையாது. லேத் மெஷின் இருக்கு. எங்க மாமனார் காலத்துலேர்ந்து இருக்கு. அளக்க வந்தா நாங்கதான் பலகையப் போட்டு மூடி வெச்சோம். தெரு முழுக்க அப்படித்தான். அது வீட்டுத்தெரு இல்லீங்க. பட்டறைத்தெரு."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படுகிறவர் அல்ல. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"அம்மா, நீங்க சொல்றது உங்களுக்கே புரியுதா? இத்தனை வருஷம் பொய் சொன்னோம்னு சொல்றீங்க."

"ஆமாங்க, பொய்தான். பொழைக்கச் சொன்ன பொய். அதுக்கு என்ன தண்டனையோ போடுங்க, கட்டறோம். மெஷின ஓட விடுங்க."

மதிப்பீட்டாளரும் அங்கேதான் இருந்தார். ஓரத்து நாற்காலியில், குடையை மடியில் வைத்துக்கொண்டு. அவரை எழுப்பினார்கள். நீங்கள் போனபோது அங்கே இயந்திரம் இருந்ததா என்று தலைவர் கேட்டார்.

"நான் பார்த்தது ஒரு கட்டிலுங்க. அதுல ஒருத்தர் சீக்கா படுத்திருந்தார்." அவர் பார்வை லேத்துக்காரரின் மேல் போய் நின்றது. தேய்த்த சட்டையும் திடமான தோளுமாக உட்கார்ந்திருந்த நோயாளி, தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அவருக்கு ஒரு வணக்கம் வைத்தார். மதிப்பீட்டாளரின் முகம் சிறுத்துப் போனது. "எங்க அம்மாகிட்டகூட அவரப் பத்திச் சொன்னேன்" என்றார். யாருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை, அவளைத் தவிர. இடுப்பில் யாரோ குத்தியது போலிருந்தது அவளுக்கு.

"சரி" என்றார் தலைவர். "ஒரு வீட்டுக்குன்னு தனியா நிறம் அடிக்க முடியாதும்மா. தெருவுக்கே சேர்த்துத்தான். உங்க தெருக்காரங்க வந்திருக்காங்க இல்ல? இந்தம்மா சொல்றது நெஜம், எங்க வீட்டுலயும் தொழில்தான் நடக்குதுன்னு சொல்றவங்க எழுந்து நில்லுங்க. ஆனா ஒண்ணு, எழுந்திருக்கறதுக்கு முன்னாடி யோசிச்சுக்குங்க. எழுந்தவங்க எல்லாருக்கும் பழைய வருஷங்களுக்கும் சேர்த்து அபராதம் வரும். கட்டலன்னா வீடு ஜப்தி. சட்டம் அது. நான் பண்ணினது இல்ல."

அவள் திரும்பினாள். பின்வரிசையில் பெட்டிக்கார அக்கா முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டிருந்தாள். மெத்தைக்காரர் காலைத் தரையில் ஊன்றிவிட்டார். சாணைக்காரர் மேல்துண்டைச் சரிசெய்தார். இதோ, இதோ எழுந்துவிட்டார்கள் என்று அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது பெஞ்சின் மரத்தில் சத்தம் கேட்டது. சாவியால் தட்டுகிற சத்தம். இரண்டு தட்டு சேர்த்து, ஒரு தட்டு தள்ளி.

பெட்டிக்கார அக்கா உட்கார்ந்தாள். மெத்தைக்காரர் கால் பின்னால் போனது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில், ஆள் வருகிற நாளில் எப்படி இருப்பார்களோ அப்படி ஆகிவிட்டார்கள். கூடத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் இருந்தது. தட்டியது யார் என்று அவள் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அடக்கி அடக்கிப் பார்த்தும் முடியாமல் ஒரு இருமல் அங்கிருந்து வந்தது.

தலைவர் பொறுமையாகவே காத்திருந்தார். பிறகு எழுதுகிற பெண்ணிடம் திரும்பி, "இந்தம்மா சொன்னதைக் குறிப்புல சேர்க்க வேணாம்" என்றார். "அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உக்காருங்கம்மா."

மஞ்சளுக்குச் சம்மதம் என்று கைகள் உயர்ந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலர் தூக்கவில்லை. அவர்கள் கவுன்சிலர் தன் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே தூக்கினார். தெரு மஞ்சளாயிற்று.

"என்ன?" என்று அவள் புருஷன் முழங்கையால் இடித்தார். "கொஞ்சப் பேரு தூக்கலையே?" அவருக்குச் சொல்ல வேண்டுமானால் கத்த வேண்டும். அந்த இடத்தில், அத்தனை பேருக்கு நடுவில், நாம் அழிந்தோம் என்று அவள் எப்படிக் கத்துவாள்?

அடுத்து வந்தது மதிப்பூதியம். தெருவுக்கு ஆன நேரத்தைப்போலப் பல மடங்கு நேரம் அதற்கு ஆனது. ஒருவர், நமக்குப் பணம் முக்கியமில்லை, மரியாதைதான் முக்கியம் என்றார். இன்னொருவர், அந்த மரியாதை எவ்வளவு சதவீதம் என்று முடிவுசெய்வோம் என்றார். சிரித்தார்கள். மக்கள் வேலைக்காக வீட்டையும் தொழிலையும் மறந்தவர்கள் நாம் என்று ஒருவர் சொன்னபோது கேட்கவே உருக்கமாக இருந்தது. தெருக்காரர்கள் எழுந்து போயிருக்கலாம். ஆனால் முதலில் எழுந்திருக்க யாருக்கும் முகமில்லை. கடைசியில் வாக்கெடுப்பு. ஒரு கை பாக்கியில்லாமல் எல்லாக் கையும் பளிச்சென்று உயர்ந்தது. மேசை முழுக்கச் சிரித்த முகங்கள்.

லேத்துக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"எல்லாரும் தூக்கிட்டாங்க!" என்றார். கூடம் அதிர்ந்தது. "பாத்தியா? ஒருத்தர் பாக்கியில்ல! அப்போ தூக்காதவங்ககூட இப்போ தூக்கிட்டாங்க!" இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பி, வளைந்த மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டார். "நல்லாயிருப்பீங்க! எல்லாரும் நல்லாயிருக்கணும்!"

சில உறுப்பினர்கள் பதிலுக்குத் தலையசைத்தார்கள். தங்கள் சம்பளத்துக்காக ஒரு குடிமகன் இவ்வளவு மகிழ்ந்து அவர்கள் பார்த்ததில்லை. கவுன்சிலர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளிப்படிக்கட்டில் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். லேத்துக்காரர் தேடிப்போய் வெல்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்க தயவுதாண்ணே! நீங்கள்லாம் வந்து உக்காந்ததாலதான்!" வெல்டர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. அது இரும்பு பிடித்த கை. லேத்துக்காரர் விடும்வரை நின்றுவிட்டு, அப்புறம் வெல்டர் அவளிடம் வந்தார்.

"திட்டணும்னா திட்டிரு தங்கச்சி."

அவள் நனைந்த முந்தானை நுனியைப் பிழிந்தாள்.

"தொழில் போனா கூலிக்குப் போயிக்கலாம். ஜப்தின்னு சொன்னான் பாத்தியா. எழுந்திருந்தா அத்தன வீடும் போயிருக்கும்." இருமினார். "கை தானாத் தட்டிருச்சு. நான் நெனச்சுகூடப் பாக்கல. பயந்தா தட்டிப் பழகின கை."

"எங்களுக்குத் தொழில் போனா வீடு என்னத்துக்குண்ணே?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா தட்டினீங்க?"

"தெரிஞ்சுதான்" என்றார் வெல்டர். மழையில் இறங்கி நடந்துவிட்டார். அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது. வரவில்லை. அவர் இடத்தில் அவள் இருந்திருந்தாலும் தட்டியிருப்பாள். அதுதான் அவளை அதிகமாக வாட்டியது.

வீட்டுக்கு நடந்தார்கள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வழியில் நின்று பன் வாங்கினார். மெஷினுக்குப் புதுப் பெல்ட் போட வேண்டும் என்றார், ஜன்னல் ஓரம் இன்னொரு விளக்கு வேண்டும் என்றார். பம்புக்காரனுக்குத் தண்டு கடைந்து கொடுப்பதாகச் சொல்லியிருப்பது நாளைக்கு முடிந்துவிடும் என்றார். ஒவ்வொன்றையும் ஊர் கேட்கச் சொன்னார். அவள் அவர் சட்டையின் நனைந்த முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தாள். இப்போது கத்திச் சொல்லிவிடலாமா, அந்தத் திருப்பத்தில் சொல்லலாமா என்று ஒவ்வொரு திருப்பமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே தெருவுக்கு வந்து சேர்ந்தாள்.

தெருவில் எந்த வீட்டிலும் வேலை தொடங்கியிருக்கவில்லை. பட்டப்பகலில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. அவருக்கு அந்த அமைதி தெரிய வழியில்லை. உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பம்புக்காரனின் இரும்புத்தண்டை மெஷினின் பிடியான சக்கில் பொருத்தினார். முடுக்கினார். மோட்டாரைப் போட்டார். சத்தம் எழுந்து சுவரெல்லாம் அதிர்ந்தது. உளி பட்ட இடத்தில் இரும்பு சுருள் சுருளாக உரிந்து வந்தது. அவர் இடது உள்ளங்கையை மெஷின்மேல் வைத்து, தலையைச் சாய்த்து, சிரித்தார். இந்தச் சத்தம் இப்போது தெரு முழுக்கக் கேட்கிறது. சாத்திய கதவுகளுக்குப் பின்னால் எல்லோருக்கும் கேட்கிறது. அவர்களும் என்ன நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. இன்னும் எத்தனை நாளைக்கு என்றுதான்.

அவள் வாயைத் திறந்தாள். மெஷின் ஓடும்போது கத்தினால் அவருக்கு மட்டுமல்ல, அவளுக்கே கேட்காது. "எல்லாம் போச்சுங்க" என்று ஒருதடவை சொல்லிப் பார்த்தாள். யாருக்கும் கேட்கவில்லை. அழுகை வந்தது.

கொல்லைப்பக்கம் போய் இரண்டு பலகைகளையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவர் பார்த்தார். சிரிப்பு நின்றது. "இன்னிக்கா? இப்பவா?" என்று வாசலை எட்டிப்பார்த்தார். "யாரும் சொல்லியனுப்பலையே!" ஆனாலும் கை பழக்கப்படி மோட்டாரை நிறுத்திவிட்டது. தண்டைச் சக்கிலேயே விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பலகையின் மறுமுனையை அவரே பிடித்து வைத்தார். மெத்தையை விரித்தார்கள். விரிப்பைத் தரைவரை இழுத்துவிட்டாள். அவர் ஏறிப் படுத்தார். அவள் போர்வையைக் கழுத்துவரை போர்த்தினாள். துணியை நனைத்துப் பிழிந்து நெற்றியில் போட்டாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முனகல் முனகினார். எப்போதும்போல நன்றாக இருந்தது.

"வந்துட்டாங்களா?" என்றார், உதட்டை அசைக்காமல். ரகசியமாகக் கேட்பதாக அவருக்கு நினைப்பு. எதிர்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். அங்கிருந்து ஒரு இருமல் வந்தது.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மெஷினின் சூடு பலகையையும் மெத்தையையும் தாண்டி இன்னும் லேசாக வந்துகொண்டிருந்தது. மழை விட்டுவிட்டது. தெருவில் ஒரு சத்தம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

அவள் கையை அவர் மார்பின்மேல் வைத்தாள். தட்டவில்லை. வைத்தபடியே இருந்தாள். அந்த இரண்டு தட்டுக்காக அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, அசையாமல் படுத்துக் கிடந்தார்.